மந்திரமா, தெய்வமா: உங்கள் கற்பனை நாட்டின் அரியணையைத் தாங்குவது எது?

மிகுபுனைவு எழுதத் தொடங்குபவர்கள் வரைபடம் போட்டு, மலைக்கும் ஆற்றுக்கும் பெயர் வைத்து முடித்ததும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். மந்திரம் இரத்தத்தில் வர வேண்டுமா, படித்து வர வேண்டுமா? தெய்வம் நேரில் பேசலாமா, கருவறைக்குள் கல்லாகவே இருக்கட்டுமா? மன்னனையே தெய்வமாக்கிவிடலாமா? எதைத் தேர்ந்தாலும் கதை எழுத முடியும். ஆனால் ஒவ்வொரு தேர்வும் தன்னோடு ஒரு தனி அரசைக் கூட்டிக்கொண்டு வரும். அதற்கென்று ஒரு வரி, ஒரு வாரிசுச் சண்டை, ஒரு வகைத் துரோகம் உண்டு. பாதி நாவல் முடிந்த பிறகு தேர்வை மாற்றினால் எழுதியதில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும்.

தமிழில் ‘இறை’ என்ற ஒரே சொல் கடவுளையும் அரசனையும் வரியையும் குறிக்கும். ‘கோயில்’ ஒரு காலத்தில் அரண்மனைக்கும் பெயர். உங்கள் உலகில் கடவுள், அரசன், வரி மூன்றும் ஒரே கையில் இருக்கின்றனவா, மூன்று கைகளில் பிரிந்து கிடக்கின்றனவா? கீழே வரும் ஆறு வழிகளையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான்.

## எதை வைத்து அளப்பது

எண்ணிக்கை. 10 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் 10,000 பேருக்கு ஒருவர் மந்திரவாதி என்றால் மொத்தம் 100 பேர். குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகளைக் கழித்தால் களத்துக்கு 50 பேர் தேறுவார்கள். அரசன் அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழைக்கலாம். அதுவே 100 பேருக்கு ஒருவர் என்றால் 10,000 பேர். அது ஒரு வர்க்கம். அதற்குச் சட்டமும் நீதிமன்றமும் தனித்தனியாக வேண்டும்.

சான்று. உண்மையான சக்தியையும் போலியையும் ஒரு சாதாரண உழவரால் பிரித்தறிய முடியுமா?

கைமாற்றம். வைத்திருப்பவர் இறந்தால் சக்தி யாரிடம் போகும்? எத்தனை நாளில்?

தடுப்பு. அதை நிறுத்தி வைக்கவோ பறிக்கவோ யாரால் முடியும்?

பராமரிப்பு. அந்தச் சக்திக்கு யார் சோறு போடுகிறார்கள்?

மந்திரம் எவ்வளவு வலியது என்பதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மலையைப் பிளப்பவனும் தூங்கத்தான் செய்வான். அவனுக்கும் பசிக்கும், பிள்ளைகள் இருக்கும். நாட்டை ஆளப்போவது யார் என்பதைத் தடுப்பும் கைமாற்றமும்தான் தீர்மானிக்கின்றன. இடியின் அளவை வைத்து அதைச் சொல்ல முடியாது.

## 1. இரத்தவழி மந்திரம்

அதிகம் பேர் தேர்வது இதைத்தான். அதிகம் பேர் கணக்கில் தவறுவதும் இங்கேதான். “மந்திரம் உயர்குடிகளுக்கு மட்டுமே பிறக்கும்” என்று எழுதிவிட்டு, அது எப்படி மரபாக இறங்குகிறது என்பதை முடிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் மந்திரம் வெளிப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பேரில் ஒருவருக்கு அது வெளிப்பட்டால், வெளியே தெரியாமல் அதைச் சுமப்பவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 2 பேர். 10 லட்சம் மக்களில் அது 20,000 பேருக்குச் சற்றே குறைவு. பொதுமக்கள் தங்களுக்குள் இயல்பாக மணந்துகொண்டாலே, தலைமுறைக்கு ஏறத்தாழ 100 மந்திரக் குழந்தைகள் மந்திரமே அறியாத வீடுகளில் பிறந்துவிடுவார்கள். உயர்குடிகளின் ஏகபோகம் அங்கேயே உடைகிறது. அந்தக் குழந்தைகளை அரசு என்ன செய்கிறது? பறித்துவந்து தத்தெடுக்கிறதா, கொல்கிறதா, கோயிலுக்கு நேர்ந்துவிடச் சொல்கிறதா? ஊர்தோறும் குழந்தைகளைச் சோதிக்க ஓர் அதிகாரி தேவைப்படுகிறார். அவருக்குக் கொடுக்கும் லஞ்சமும் அவரிடமிருந்து பிள்ளையை மறைக்கும் தாயும் கதைக்குள் தாமாகவே வந்துவிடுவார்கள்.

ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்று வைத்தால் சிக்கல் வேறு. மன்னனின் ஒவ்வொரு கள்ள உறவும் ஒரு உரிமைக்காரனைப் பெற்றுவிடும். எல்லோரிடமும் சான்று இருக்கும்போது மூத்தவன் என்ற தகுதிக்கு மதிப்புக் குறைகிறது. ஓட்டோமான் அரசில் இளவரசர்கள் அனைவருக்கும் சம உரிமை இருந்ததால், 1595-இல் பட்டமேறிய மூன்றாம் மெஹ்மத் தன் 19 சகோதரர்களைக் கொல்ல உத்தரவிட்டார். அந்த 19 பேருக்கும் கையில் தீ எழுப்பத் தெரிந்திருந்தால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் நாட்டின் பட்டமேற்புச் சட்டம் அதிலிருந்து பிறக்கும்.

மறைந்திருக்கும் செலவு அகமணம். சக்தி நீர்த்துவிடக் கூடாது என்று உறவுக்குள்ளேயே மணந்துகொண்டுபோனால் சில தலைமுறைகளில் குடும்பம் நோயில் விழும். அப்படி உறவுக்குள்ளேயே மணந்துவந்த ஹாப்ஸ்பர்க் குலத்தின் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் 1700-இல் வாரிசின்றி இறந்ததும், ஐரோப்பா 1701 முதல் 1714 வரை வாரிசுப் போரில் கிடந்தது. மந்திரக் குலத்தின் கடைசி வாரிசு மலடாவது உங்கள் நாட்டுக்குப் படையெடுப்பைவிடப் பெரிய ஆபத்து.

குடும்பக் கதை, பழிவாங்கல், அடையாளம் மறைத்து வாழும் நாயகி ஆகியவற்றுக்கு இது சிறந்த தேர்வு. நிர்வாகம், சீர்திருத்தம், வணிகம் பற்றி எழுத நினைப்பவருக்கு இது தடை. எந்த விவாதத்தையும் “நீ எந்த வீட்டுப் பிள்ளை” என்ற ஒரே கேள்வி முடித்துவைத்துவிடும்.

## 2. கற்றுப் பெறும் மந்திரம்

இங்கே விளக்க வேண்டியது, ஊரெல்லாம் மந்திரவாதிகளாக ஏன் நிறையவில்லை என்பது. ஒரு குரு 8 ஆண்டுக்கு 4 மாணவர்களை எடுக்கிறார், பாதிப் பேர் தேறுகிறார்கள் என்று கொள்வோம். 24 ஆண்டில் 6 பேர். பத்துக் குருமாரில் தொடங்கினால் அடுத்த தலைமுறை 60, அதற்கடுத்து 360, பிறகு 2,160. மூன்று தலைமுறைக்குள் அரிய கலை கைத்தொழிலாகிவிடும்.

ஆகவே யாரோ வேண்டுமென்றே கதவைச் சாத்தி வைத்திருக்க வேண்டும். அந்தக் கதவைச் சாத்துபவர்தான் உங்கள் அரசியல். அரசே சாத்தலாம்: சீனாவின் தாங் வம்சச் சட்டம் வானியல் கருவிகளையும் நூல்களையும் தனியார் வீட்டில் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. வானத்தைப் படிப்பவன் வம்சத்தின் முடிவையும் படித்துச் சொல்லிவிடுவான் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. நகரமும் சாத்தலாம்: 1291-இல் வெனிஸ் தன் கண்ணாடி உலைகளைத் தீ விபத்துக்கு அஞ்சி முரானோ தீவுக்கு மாற்றியது, பிற்காலத்தில் அந்தக் கைவினைஞர்கள் தொழில் ரகசியத்தோடு வெளிநாடு போவதையும் தடுத்தது. மதிப்பும் சலுகையும் நிறைய, ஊரை விட்டுப் போக மட்டும் அனுமதி இல்லை. மந்திரப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைப்பது அரிது.

மாணவனின் 8 ஆண்டுச் சோற்றுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வையுங்கள். அரசன் என்றால் மந்திரவாதிகள் அதிகாரிகள். பெற்றோர் என்றால் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தேறுவார்கள். இரத்தவழி மந்திரம் இல்லாமலேயே உயர்குடி உருவாகிவிடும். குருவே போடுகிறார் என்றால் மாணவனின் விசுவாசம் குருவுக்கு, அரசனுக்கு மீதிதான்.

இந்த வழியின் மிகப் பெரிய ஓட்டை பாதியில் விலகியவர்கள். மேற்சொன்ன கணக்கில் தேறியவர்களுக்குச் சமமாகத் தேறாதவர்களும் இருக்கிறார்கள். தீ மூட்டக் கற்று, அணைக்கக் கற்காமல் போனவர்கள். கிராமத்தில் மருத்துவம் பார்ப்பதும் கொள்ளைக் கூட்டத்தில் சேர்வதும் எதிரி நாட்டுக்குப் பாடம் விற்பதும் இவர்கள்தான். இவர்களைப் பற்றிச் சட்டம் ஒன்றுமே சொல்லாத நாடு நம்பும்படியாக இருக்காது.

நீண்ட தொடருக்கு இதைவிட நல்ல அடித்தளம் எனக்குத் தெரியாது. வாசகரும் நாயகனோடு சேர்ந்து படிப்படியாகக் கற்கிறார். விதி எப்போது மீறப்படுகிறது என்பதும் அவருக்குப் புரிகிறது.

## 3. பொருளில் இருக்கும் மந்திரம்

கனிமம், மூலிகை, கடலடி முத்து என எதுவாக இருந்தாலும் முதலில் எடையைக் குறியுங்கள். சுரங்கம் ஆண்டுக்கு 300 கிலோ தருகிறது, ஒரு மந்திரத்துக்கு 100 கிராம் என்றால் ஆண்டுக்கு 3,000 மந்திரங்கள். போரில் நாளுக்கு 40 செலவானால் ஓர் ஆண்டு விளைச்சல் 75 நாளில் தீரும். 76-ஆம் நாள் என்ன நடக்கும் என்பதை எதிரித் தளபதியும் கணக்குப் போட்டிருப்பான்.

சுரங்கத்தைப் பிடித்தவன் நாட்டைப் பிடித்தான் என்று எளிதாக எழுதிவிட வேண்டாம். இரண்டாவது பொருள் ஒன்றைச் சேருங்கள். தென் அமெரிக்காவில் ஸ்பெயின் ஆண்ட பொட்டோசி மலையின் வெள்ளி 1545-இல் கண்டறியப்பட்டது. பின்னர் தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் தேவைப்பட்டது. அதன் விற்பனை ஸ்பானிய அரசின் ஏகபோகம். ஒருவர் எவ்வளவு பாதரசம் வாங்கினார் என்று பார்த்தாலே அவர் எவ்வளவு வெள்ளி எடுத்திருப்பார் என்று மதிப்பிட்டு வரி கேட்கலாம். மலையில் ஆயிரம் கண்காணிகளை நிறுத்துவதைவிட இது மலிவு. அவ்வளவு வெள்ளி வந்தும் ஸ்பானிய அரசு 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளில் கடனைத் தீர்க்க முடியாமல் கைவிரித்தது. வரப்போகும் வெள்ளியை நம்பி முன்கூட்டியே கடன் வாங்கிப் போர் நடத்தியதன் விளைவு அது. மந்திரக் கனிமம் உள்ள நாடும் இதே குழியில்தான் விழும்.

பொருள் சிதறிக் கிடந்தால் அரசியல் தலைகீழாகும். வெடிமருந்துக்கு வெடியுப்பு தேவைப்பட்ட 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், இங்கிலாந்து அரசின் ஆட்கள் தனியார் தொழுவங்களிலும் வீட்டுத் தரையிலும் புகுந்து தோண்டும் உரிமை பெற்றிருந்தார்கள். மக்கள் அதை வெறுத்தார்கள். உங்கள் மந்திரப் பொருள் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றடியிலும் கிடைக்கிறது என்றால், அரசின் முகம் அரண்மனையில் தெரியாது, மண்வெட்டியோடு வாசலில் நிற்கும்.

ஒற்றைப் பொருளில் சக்தி இருந்தால் அது கவரவும் அழிக்கவும் கூடியதாகிறது. சங்கப் பாடல்களில் பகைவனின் காவல் மரத்தை வெட்டுவதும் முரசைக் கவர்வதும் வெற்றியின் அடையாளங்கள். சிறுகதைக்கும் குறுநாவலுக்கும் இது போதும்.

## 4. நேரில் பேசும் தெய்வம்

எழுதக் கடினமானது இதுதான். தெய்வம் கேட்டதும் பதில் சொன்னால் வாரிசுச் சண்டை இல்லை, கொலைமர்மம் இல்லை, மதப்பிளவு இல்லை. கதையின் பாதித் தசை கழன்றுவிடும். பலர் இதை உணர்ந்ததும், தெய்வம் “மனிதர் விவகாரத்தில் தலையிடாது” என்று ஒரு வரி எழுதித் தப்பிக்கிறார்கள். அது தப்பிக்கும் வரி என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் பேசுவது மட்டும் எதற்கு?

தெய்வத்தின் பலத்துக்கு முன்னால் அதன் விருப்பத்தை எழுதுங்கள். அதற்கு என்ன வேண்டும், எது கிடைக்காவிட்டால் தேயும், எதைப் பார்க்க முடியாது? பிறகு மூன்று எல்லைகள்: எவ்வளவு தூரம் கேட்கும், எத்தனை முறை பேசும், எந்தப் பொருளில் மட்டும் பேசும். மழைத் தெய்வத்துக்கு மழை பற்றித் தெரியும். நிலப் பட்டா பற்றித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது வரிசை. தெய்வம் மாதத்துக்கு ஒரு நாள் பேசுகிறது என்றாலே, யார் முதலில் கேட்பது என்பது அதிகாரமாகிவிடும். கிரேக்கத்தின் டெல்ஃபியில் மற்றவர்களுக்கு முன்பாகக் குறி கேட்கும் உரிமையை நகரங்களுக்குக் கௌரவமாக வழங்கினார்கள். கோயில் வாசலில் வரிசையை நிர்வகிக்கும் எழுத்தர், உங்கள் நாவலில் படைத்தலைவனுக்குச் சமமான ஆள்.

அதற்கடுத்தது வாய். தெய்வம் நேராகப் பேசினாலும் ஒரு மனிதர் வழியாகத்தான் பேசும் என்றால், அந்த மனிதரை வாங்கலாம். ஸ்பார்ட்டாவின் மன்னர் கிளியோமினிஸ், உடன் ஆண்ட டெமரேட்டஸைப் பதவியிலிருந்து இறக்க டெல்ஃபியின் குறிசொல்லியைச் சரிக்கட்டினார். “அவர் முந்தைய மன்னரின் மகன் அல்ல” என்று அருள்வாக்கு வந்தது. டெமரேட்டஸ் அரியணை இழந்தார். உண்மை வெளிவந்தபோது குறிசொல்லியும் பதவியிழந்தார். ஜப்பானில் 769-இல் துறவி டோக்கியோவைப் பேரரசராக்கினால் நாடு அமைதி பெறும் என்று உஸா ஆலயத்திலிருந்து வாக்கு வந்ததாகச் சொல்லப்பட்டது. சரிபார்க்க வாகே நோ கியோமாரோ அனுப்பப்பட்டார். அரச வழியில் பிறக்காதவர் அரியணை ஏறக் கூடாது என்ற எதிர்வாக்கோடு அவர் திரும்பினார், அதற்காக நாடுகடத்தப்பட்டார், அடுத்த ஆண்டு, டோக்கியோவை ஆதரித்த பேரரசி இறந்ததும் டோக்கியோ துரத்தப்பட்டார். அருள்வாக்கைச் சரிபார்க்கப் போகும் தூதர் என்ற ஒரே பாத்திரத்தில் ஒரு முழு நாவல் இருக்கிறது.

மறைசெலவு இன்னொன்றும் உண்டு. தெய்வம் உண்மையிலேயே பேசும் உலகில் நாத்திகம் மறைந்துபோகும், ஆனால் கீழ்ப்படியாமை மறையாது. “நீ இருக்கிறாய், தெரியும். ஆனாலும் உன் சொல் கேட்க மாட்டேன்” என்பவர்தான் அங்கே கலகக்காரர். இந்த ஒரு மனிதரை எழுத விருப்பம் இருந்தால் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

## 5. பேசாத தெய்வம், பேசும் மடம்

தெய்வம் இருக்கிறதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் அதன் பெயரில் நிலமும் கிடங்கும் எழுத்தர்களும் இருக்கிறார்கள். சான்று இல்லாததால், விளக்கம் சொல்லும் உரிமைக்குப் போட்டி மூள்கிறது. அரசனுக்கு முடி சூட்ட மடம் வேண்டும், மடத்தைக் காக்க அரசனின் வாள் வேண்டும்.

இதன் முக்கிய ஆயுதம் விலக்கிவைப்பு. 1076-இல் போப் ஏழாம் கிரிகோரி, ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றியைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிகள் அவருக்குச் செய்த சத்தியம் செல்லாது என்றார். அந்த இரண்டாவது பகுதிதான் கொல்லும் பகுதி; ஏற்கெனவே அதிருப்தியில் இருந்த பிரபுக்களுக்கு அது அனுமதிச் சீட்டு. 1077 ஜனவரியில் ஹென்றி கனோசாக் கோட்டை வாசலில் மூன்று நாள் காத்திருந்து மன்னிப்புப் பெற்றார். 1080-இல் மீண்டும் விலக்கினார்கள். இம்முறை அடி அவ்வளவாக விழவில்லை. ஹென்றி 1084-இல் ரோமைப் பிடித்து, தான் நிறுத்திய எதிர்ப்போப்பின் கையால் பேரரசராக முடிசூடினார். கிரிகோரி மறு ஆண்டு ரோமுக்கு வெளியே சலெர்னோவில் இறந்தார். சாபம் முதல்முறை அரசனைப் பனியில் நிறுத்தும், இரண்டாம் முறை அரசன் வேறொரு குருவைக் கண்டுபிடித்துக்கொள்வான். உங்கள் கதையில் விலக்கிவைப்பை எத்தனையாவது முறையாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

செலவு வரியில் தெரியும். மடத்துக்குப் போன நிலம் திரும்பாது. மடத்துக்கு மரணமில்லை, வாரிசுவரி இல்லை, வாரிசின்றிப் போவதும் இல்லை. 1279-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு அனுமதியின்றித் திருச்சபைக்கு நிலம் தருவதைச் சட்டத்தால் தடுத்தார். தாங் பேரரசர் வூசோங் இன்னும் கடுமையாகப் போனார்: 845-இல் அவர் ஆணையின்படி 4,600 பௌத்த மடங்கள் மூடப்பட்டு, 2,60,500 துறவிகள் வரி கட்டும் குடிகளாக மாற்றப்பட்டதாகக் கணக்கு. ஆணையில் இறையியலும் இருந்தது, கஜானாவும் இருந்தது. பேரரசர் அடுத்த ஆண்டே இறந்தார், ஒடுக்குமுறையும் தளர்ந்தது.

மெல்ல நகரும் அரசியல் நாவலுக்கு இதுவே சரியான களம். சாகசக் கதைக்கு இதன் சூடு போதாது.

## 6. தெய்வமே மன்னன்

எல்லா அதிகாரமும் ஒரே உடலில். பார்வைக்கு மிக வலிய அமைப்பு. உள்ளே ஆள்வது பெரும்பாலும் வேறொருவர்.

மறுபிறவி எடுத்து வரும் தெய்வத்துக்கு ஒவ்வொரு முறையும் 18 ஆண்டுக் குழந்தைப் பருவம் உண்டு. அத்தனை ஆண்டும் ஒரு பிரதிநிதி ஆள்வார். திபெத்தில் 9 முதல் 12 வரையிலான தலாய் லாமாக்கள் நால்வரும் இளம் வயதிலேயே, 1815, 1837, 1856, 1875 ஆகிய ஆண்டுகளில் இறந்தார்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதி பிரதிநிதிகளின் ஆட்சியாகவே கழிந்தது. மறுபிறவியை யார் அடையாளம் காண்பது என்பது இன்னொரு பிடி: 1793-இல் சீனாவின் சிங் அரசு தங்கக் கலசத்தில் சீட்டுப் போட்டு எடுக்கும் முறையை விதித்தது.

இறந்த தெய்வத்தின் சொத்தையும் யோசியுங்கள். இன்கா பேரரசில் மறைந்த மன்னரின் பதப்படுத்திய உடலும் நிலங்களும் அவர் வழிவந்த குழுவிடமே இருந்தன. புதியவர் தனக்கென்று நிலம் தேட வேண்டியிருந்தது. தெய்வம் சாகாது என்று நம்பும் நாட்டில் சொத்துக்கும் சாவில்லை.

மன்னனிடம் தெய்வ சக்தி இருப்பதாகச் சொன்னால், கலகக்காரனும் அதைச் செய்து காட்ட வேண்டியிருக்கும். அரசரின் கை பட்டால் கண்டமாலை நோய் தீரும் என்று இங்கிலாந்தில் நம்பினார்கள். 1680-இல், மன்னரின் முறைப்படி பிறக்காத மகன் மன்மத் பிரபு, மேற்கு மாவட்டங்களில் சுற்றும்போது நோயாளிகளைத் தொட்டார். அரியணை கேட்கிறேன் என்று வாய் திறந்து சொல்லத் தேவையில்லாமல் போனது.

## ஒரே பார்வையில்

| வழி | சான்று | இறப்புக்குப் பின் | யார் தடுக்கலாம் | பெரிய ஓட்டை |
|---|---|---|---|---|
| இரத்தம் | எளிது | பிள்ளைகளுக்கு, சண்டையோடு | திருமணத்தை ஆள்பவர் | வெளியே பிறக்கும் குழந்தைகள் |
| கல்வி | எளிது | மாணவர்களுக்கு | பள்ளி, சோறு போடுபவர் | பாதியில் விலகியவர்கள் |
| பொருள் | மிக எளிது | கையில் வைத்திருப்பவருக்கு | வழித்தடத்தை ஆள்பவர் | கையிருப்புத் தீர்தல் |
| பேசும் தெய்வம் | வாயைப் பொறுத்தது | தெய்வத்தின் விருப்பம் | வரிசையை ஆள்பவர் | கதையே முடிந்துபோதல் |
| பேசாத தெய்வம் | இல்லை | நிறுவனத்துக்கு | எதிர்மடம், வரி அதிகாரி | சாபத்தின் தேய்மானம் |
| தெய்வ மன்னன் | சடங்கு | இடைக்காலப் பிரதிநிதிக்கு | அடையாளம் காண்பவர் | குழந்தைப் பருவம் |

## இரண்டைச் சேர்ப்பதென்றால்

சேர்க்கலாம், சேர்த்தால்தான் நாடு உயிர்பெறும். ஒன்று ‘யாரால் முடியும்’ என்பதற்கும், மற்றது ‘யாருக்கு உரிமை’ என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். கற்ற மந்திரமும் பேசாத தெய்வமும் நல்ல ஜோடி: பள்ளியிடம் நெருப்பு, மடத்திடம் முடி, இரண்டும் இல்லாத அரசன் நடுவில் நின்று இரண்டையும் கெஞ்சி வாழ்கிறான். இரத்தவழியும் தெய்வ மன்னனும் மோசமான ஜோடி. இரண்டும் ஒரே கேள்விக்கு ஒரே விடை சொல்வதால் எதிர்க்க இடமில்லை. கொலை மட்டுமே மிஞ்சும். பேசும் தெய்வத்தோடு வேறு எதைச் சேர்த்தாலும், ‘இது சரிதானா’ என்று அந்தத் தெய்வத்திடமே யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு வழியை முதல் நாளிலேயே நுழைக்காதீர்கள். பழைய அமைப்பு உடையும் இடத்தில் அது வரட்டும்: மந்திரமற்ற குடியில் பிறந்த ஒரு குழந்தை, அல்லது நூற்றாண்டுக் காலம் பேசாதிருந்த தெய்வம் ஒரு காலையில் பேசிய ஒரு சொல்.

முடிவெடுத்ததும் முதல் அத்தியாயத்துக்குப் போகும் முன் மூன்று தாள் எழுதிப் பாருங்கள். நாவலில் அவை வர வேண்டியதில்லை. ஒன்று, ஒரு கிராமத்துக்கு வந்த வரி ஓலை: யார் பெயரில் வருகிறது, கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று அதில் இருக்கட்டும். இரண்டு, பட்டமேற்பில் மன்னன் சொல்லும் சத்தியம். யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்பதோடு. மூன்று, மன்னன் இறந்த இரவில் அரண்மனையிலிருந்து போகும் முதல் கடிதம். அது யாருக்குப் போகிறது என்று உடனே எழுத முடியவில்லையென்றால், கைமாற்றம் பற்றி நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை; அந்த அளவுகோலுக்குத் திரும்பிப் போய் ஆறு வழிகளையும் இன்னொரு முறை பாருங்கள்.